பழைய அம்பாசிடருக்கு 'ஒரிஜினல்' போல்ட்டு எது? கண்டுபிடிப்பது எப்படி?

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் பழைய வீடுகளின் கார் ஷெட்டில் ஓர் அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ தூசி படிந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். தாத்தா பட்டாசு ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போய் வந்த வண்டி. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பேரனுக்கு அதை மறுபடியும் ரோட்டில் ஓடவிட ஆசை. இன்ஜின், பெயின்ட், சீட் என எல்லாவற்றுக்கும் பட்ஜெட் போடுகிறார். போல்ட்டு, நட்டு, வாசருக்கு மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. "அதெல்லாம் கடையில கிடைக்கும் அண்ணாச்சி, மொத்தமா புதுசு போட்ருவோம்" என்று பட்டறையில் சொன்னதும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பழைய காரின் ஒவ்வொரு போல்ட்டிலும் மூன்று தகவல்கள் இருக்கின்றன: அதன் மரை, தலையில் உள்ள குறி, மேலே உள்ள முலாம். வண்டி எந்த அளவுமுறையில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது, பிறகு எங்கெல்லாம் கைவைக்கப்பட்டது என்பதை இந்த மூன்றை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். தப்பான போல்ட்டு போட்டால் வண்டியின் மதிப்பு குறையும். அதையே பிரேக் பைப்பில் போட்டால் உயிருக்கே ஆபத்து.

'ஒரிஜினல்' என்றால் எந்த ஃபேக்டரி?

இன்டர்நெட்டில் தேடினால் பிரிட்டிஷ் கார்களுக்கான போல்ட்டு கிட் நிறையவே கண்ணில் படும். அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் கவ்லியில் தயாரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3. ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் மூலம் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு. பிரீமியர் பத்மினியின் மூலம் இத்தாலியின் ஃபியட் 1100. ஆகவே அந்த நாட்டுச் சாமான்தான் சரியானது என்று தோன்றும்.

ஆனால், விருதுநகரில் நிற்கும் அம்பாசிடர் கவ்லியில் பிறந்த வண்டி கிடையாது. 1942-ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-ல் கொல்கத்தா அருகே உத்தரபாராவுக்கு மாறியது. அம்பாசிடர் அங்கேதான் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரானது. ஃபியட் 1100-ம் பத்மினியும் மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தவை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம்மூர் வண்டி. 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சென்னையை ஒட்டிய வண்டலூர் பகுதியில் 1961 முதல் அதைத் தயாரித்தது.

இந்தத் தொழிற்சாலைகள் முதலில் வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டின. பிறகு படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறின. போல்ட்டு நட்டும் அப்படித்தான். ஹவுராவில் கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் இருந்தது. மதுரையில் வேர்விட்ட டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், சென்னை பாடியில் 1966-ல் உற்பத்தியைத் தொடங்கியது.

எனவே இங்கே கேள்விகள் இரண்டு. ஒன்று, இந்த போல்ட்டு இந்த ஓட்டைக்குப் பொருந்துமா? இரண்டு, இந்த வண்டி ஃபேக்டரியை விட்டு வந்த நாளில் இந்த போல்ட்டுதான் அதில் இருந்ததா? பிரிட்டிஷ் கிட் முதல் கேள்விக்குச் சரியாக இருக்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதிலை இங்கேதான் தேட வேண்டும்.

ரெண்டரை நூல் என்று கேட்டால் போதாதா?

நம் பட்டறைக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். கால் அங்குல போல்ட்டு 'ரெண்டு நூல்', 3/8 அங்குலம் 'மூணு நூல்', நடுவில் உள்ள 5/16 அங்குலம் 'ரெண்டரை நூல்'. எடைக்கும் அளவுக்கும் மெட்ரிக் முறை என்று 1956-ல் சட்டம் வந்த பிறகும் இந்தப் பேச்சு மாறவில்லை.

ஆனால் நூல் என்பது போல்ட்டின் தடிமனை மட்டும்தான் சொல்லும். மரை என்னவென்று சொல்லாது. ஒரே ரெண்டரை நூல் போல்ட்டு நான்கு வகை மரையில் வரும்:

• பிஎஸ்டபிள்யூ (விட்வொர்த்): அங்குலத்துக்கு 18 மரை, மரையின் கோணம் 55 டிகிரி
• பிஎஸ்எஃப்: அங்குலத்துக்கு 22 மரை, 55 டிகிரி
• யூஎன்சி: அங்குலத்துக்கு 18 மரை, 60 டிகிரி
• யூஎன்எஃப்: அங்குலத்துக்கு 24 மரை, 60 டிகிரி

விட்வொர்த் முறை 1841-ல் இங்கிலாந்தில் உருவானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க போல்ட்டும் பிரிட்டிஷ் நட்டும் ஒன்றுக்கொன்று சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் பொதுவான யூனிஃபைடு மரைக்கு ஒப்புக்கொண்டன. யூஎன்சி, யூஎன்எஃப் இரண்டும் அந்தக் குடும்பம். அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினிலும் ஹெரால்டிலும் பெரும்பாலும் பார்ப்பது யூஎன்எஃப். இத்தாலிய வழி வந்த ஃபியட்டில் மெட்ரிக். அதே அம்பாசிடரில் 1990-களில் வந்த இசுசு 1.8 இன்ஜின் என்றால் அதுவும் மெட்ரிக். ஆக, 'அம்பாசிடர் போல்ட்டு' என்று பொதுவாக ஒன்று இல்லை. எந்த வருஷம், எந்த இன்ஜின் என்று கேட்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

அதற்கும் முந்தைய ஹிந்துஸ்தான் 10 இன்னும் வேடிக்கை. அதன் இன்ஜினில் மரை மெட்ரிக், போல்ட்டின் தலை மட்டும் விட்வொர்த் ஸ்பானருக்கானது. காரணம், மோரிஸ் நிறுவனம் 1923-ல் கவன்ட்ரியில் வாங்கிய இன்ஜின் ஆலை, ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அங்கிருந்த மெஷின்கள் எல்லாம் மெட்ரிக். மெக்கானிக்குகளின் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பானர். அதனால் உள்ளே ஓர் அளவு, வெளியே வேறு அளவு.

'கிட்டத்தட்ட' பொருந்துவதுதான் வம்பு

சுத்தமாகப் பொருந்தாத போல்ட்டால் தொல்லை இல்லை, உள்ளே போகாது. கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் வம்பில் மாட்டிவிடும்.

ரெண்டரை நூல் யூஎன்எஃப் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். எம்8 மெட்ரிக் போல்ட்டு 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரைக்கு மரை உள்ள இடைவெளி முதலாவதில் 1.06 மில்லிமீட்டர், இரண்டாவதில் 1.25. ஒன்றின் நட்டை இன்னொன்றில் போட்டால் ஓரிரு சுற்று போய் இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் மரை வெட்டுப்பட்டுவிடும். பிறகு எந்த போல்ட்டும் அங்கே நிற்காது.

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் போன்ற பழைய எலெக்ட்ரிக்கல் சாமான்களில் பிஏ என்ற தனி வகை மரை உண்டு. அதில் 2 பிஏ ஸ்க்ரூவின் விட்டம் 4.7 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.81. இன்று கடையில் கிடைக்கும் எம்5 ஸ்க்ரூவின் மரை இடைவெளி 0.8. இடைவெளி ஏறக்குறைய ஒன்று, ஆனால் விட்டமும் கோணமும் வேறு. பழைய பித்தளை டெர்மினலில் எம்5-ஐ முடுக்கினால் கெட்டுப்போவது ஸ்க்ரூ அல்ல, இனி கிடைக்காத அந்த டெர்மினல்.

இதைத் தவிர்க்க இரண்டு கருவிகள் போதும்: ஒரு வெர்னியர் காலிபர், ஒரு மரை கேஜ். அங்குல மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் தனித்தனி கேஜ் வாங்க வேண்டும். விட்டம், மரை எண்ணிக்கை இரண்டும் தெரியாமல் எந்த போல்ட்டையும் மாற்றக் கூடாது.

தலையைப் பார்த்து வயசு சொல்வது எப்படி?

பழைய தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவர்கள் அச்சையும் எழுத்தையும் பார்த்தே அது எந்தக் காலத்துச் சரக்கு என்று ஊகித்துவிடுவார்கள். போல்ட்டின் தலையும் ஒரு லேபிள்தான். கவனிக்க வேண்டியவை:

• தலையின் மேல் வட்டமான பள்ளம், அல்லது பக்கவாட்டில் ஒன்றையொன்று தொடும் சிறு வட்டங்கள்: பிரிட்டிஷ் தர முறையில் யூனிஃபைடு மரைக்கான அடையாளம்.

• ஆர், எஸ், டி போன்ற ஆங்கில எழுத்து: பிரிட்டிஷ் வலிமைக் குறி. எஸ் என்றால் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 50 டன் இழுவிசை தாங்கும். இன்றைய கணக்கில் சுமார் 772 மெகாபாஸ்கல்.

• 8.8 என்ற எண்: மெட்ரிக் வலிமைக் குறி. இழுவிசை 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதமான 640 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 1960-களின் அம்பாசிடர் இன்ஜினில் இந்தக் குறி இருந்தால், பின்னாளில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

• டிவிஎஸ் என்ற முத்திரை: சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் தயாரிப்பு. அந்த ஆலை ஓடத் தொடங்கியது 1966-ல். எனவே 1962 வண்டியில் அந்த போல்ட்டு இருந்தால் தரமானதாக இருக்கலாம், ஆனால் வண்டியோடு பிறந்தது அல்ல.

• ஸ்க்ரூ தலையின் வெட்டு: கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரிவ். 1960-களில் வந்த வடிவம். 1958 வண்டியில் அதற்கு வேலை இல்லை.

இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. இரண்டு மூன்று அடையாளங்கள் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம்.

பார்ட்ஸ் புத்தகத்தில் ஒளிந்திருக்கும் அளவு

மோரிஸை உள்ளடக்கிய பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் உதிரிபாகப் பட்டியல்களில் ஒரு வசதி உண்டு. போல்ட்டின் பார்ட் நம்பரே அதன் அளவைச் சொல்லிவிடும். உதாரணம், ஹெச்-இசட்-எஸ் 0505. முதல் எழுத்து அறுகோணத் தலை. இசட் என்றால் யூஎன்எஃப் மரை. எஸ் என்றால் தலைவரை மரை வெட்டிய செட் ஸ்க்ரூ. முதல் இரு எண்கள் விட்டம், அங்குலத்தில் பதினாறில் எத்தனை பாகம் என்று: 5/16. கடைசி இரண்டு நீளம், எட்டில் எத்தனை பாகம் என்று: 5/8. அதாவது ரெண்டரை நூல் தடிமன், அஞ்சு நூல் நீளம். எங்கள் ஊர்க் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒன்றே என்று விருதுநகர் ஹார்டுவேர் கடைக்காரர் சிரித்துக்கொள்ளலாம்.

ஹெச்-பி-இசட் 0510 என்றால்? அதே தடிமன், அதே மரை. ஆனால் பாதி மட்டும் மரை வெட்டிய போல்ட்டு, நீளம் 10 நூல், அதாவது ஒன்றேகால் அங்குலம்.

இந்தப் பட்டியல் அளவைச் சொல்லும். உத்தரபாராவில் அதற்கு யாருடைய போல்ட்டைப் போட்டார்கள், என்ன முலாம் இருந்தது என்பதைச் சொல்லாது. அதற்குச் சாட்சி வண்டிதான்.

வண்டியைப் பிரிக்கும் நாளில் செய்ய வேண்டியது

இந்த விஷயத்தில் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு சாதகம் உண்டு. பட்டாசுத் தொழிலை இங்கே நிலைக்க வைத்த அதே வறண்ட வெயில், இரும்பையும் காப்பாற்றுகிறது. கடற்கரைச் சென்னையில் உப்புக்காற்றில் பொடிந்துபோகும் போல்ட்டு, கரிசக்காட்டு ஷெட்டில் முலாம் மிச்சத்தோடு இருக்க வாய்ப்பு அதிகம். இதைப் பயன்படுத்திக்கொள்ள:

1. பிரிக்கும் முன் போட்டோ எடுங்கள். தூரத்தில் ஒன்று, போல்ட்டின் தலை தெரியும்படி கிட்டத்தில் ஒன்று.

2. எல்லா போல்ட்டையும் ஒரே மண்ணெண்ணெய் டப்பாவில் போட விடாதீர்கள். பட்டறை வழக்கம் அதுதான், தகவல் அழிவதும் அங்கேதான். இடத்துக்கு ஒரு கவர், கவர் மேல் பெயர்.

3. யாரும் கைவைத்திருக்க வாய்ப்பில்லாத இடங்களைத் தேடுங்கள். டேஷ்போர்டின் பின்புறம், சீட் ரயிலின் அடி, கதவுக்குள். கார்புரேட்டரைச் சுற்றி இருப்பவை ஐம்பது தடவை கழற்றப்பட்டவை, அவற்றின் சாட்சி பலவீனமானது.

4. அதே வருஷத்து வண்டிகள் இன்னும் இரண்டைப் பார்த்து ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே குறி இருந்தால் அது தற்செயல் அல்ல.

5. கோவையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜீடி கார் மியூசியம் போன்ற இடங்களைப் போய்ப் பார்ப்பது கண்ணைப் பழக்கும். ஆனால் காட்சிக்கு நிற்கும் வண்டியும் எப்போதோ ரிப்பேர் பார்க்கப்பட்டதாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

முலாமும் எஸ்எஸ் ஆசையும்

பட்டாசு ஆபீஸில் மருந்து அறைக்குள் இரும்புக் கருவி வெளியே தெரியும்படி இருக்கக் கூடாது என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். சின்னச் சாமானில்கூட உலோகம் எது என்பது முக்கியம் என்று இங்கே பாடம் எடுக்கத் தேவையில்லை. காரிலும் அதே கதைதான்.

பழைய போல்ட்டுகளில் மங்கலான வெள்ளி நிறக் காட்மியம், கறுப்பு பாஸ்பேட், துத்தநாக முலாம் என இடத்துக்கு ஏற்ப வித்தியாசம் இருக்கும். எல்லாவற்றையும் பளபளப்பான புது முலாமாக மாற்றினால் பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். காட்மியம் நச்சு உலோகம் என்பதால் வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாதது.

"துருவே பிடிக்காது, எஸ்எஸ் போட்ருங்க" என்பது அடுத்த யோசனை. கடையில் கிடைக்கும் ஏ2-70 வகை எஸ்எஸ் போல்ட்டின் இழுவிசை 700 மெகாபாஸ்கல்தான். நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு 450. 8.8 போல்ட்டின் 640-க்கு இது ஈடாகாது. நம்பர் பிளேட்டுக்குப் போடலாம். ஸ்டியரிங்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் வேண்டாம்.

பழைய போல்ட்டுக்கே மறுபடி முலாம் பூசுவது நல்ல வழி. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அதிக வலிமையுள்ள போல்ட்டை ஆசிட்டில் கழுவி முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையலாம். முலாம் பூசியதும் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வைத்து அதை வெளியேற்றுவார்கள். 10.9-க்கு இணையான, அதற்கு மேலான போல்ட்டு என்றால், பிளேட்டிங் பட்டறையில் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எங்கே 'ஒரிஜினல்' பிடிவாதம் கூடாது?

ஸ்பிரிங் வாசர், பூட்டுத் தகடு, ஸ்பிளிட் பின் ஆகியவை எப்போதும் புதிதாகவே இருக்கட்டும். பிரேக், ஸ்டியரிங், வீல் போல்ட்டுகளில் நீட்சியோ கீறலோ துருக்குழியோ இருந்தால், எவ்வளவு அரிய முத்திரை இருந்தாலும் அது கண்ணாடிப் பெட்டிக்குத்தான்.

மிக ஆபத்தானது பிரேக் பைப் இணைப்பு. பழைய பிரிட்டிஷ் வழி கார்களில் 3/8 யூஎன்எஃப் வரும்: விட்டம் 9.53 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக்கில் எம்10, மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். யூஎன்எஃப் ஆண் மரையை எம்10 பெண் மரைக்குள் விட்டால் தாராளமாகப் போகும், சில சுற்று பிடித்ததுபோலவும் தோன்றும். ஆனால் மரைகள் நுனியில்தான் பற்றியிருக்கும். அவசரத்தில் பிரேக்கை அழுத்தும்போது கழன்றுவிடலாம். இங்கே சரியான மரை என்பது அழகுக்காக அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் 'வின்டேஜ்' பதிவு முறையைக் கொண்டுவந்தது. நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள்.

நிபந்தனை, வண்டி அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. போல்ட்டு நட்டைப் பற்றி விதி பேசவில்லை, ஒரு போல்ட்டுக்காக விண்ணப்பம் தள்ளப்படும் என்றும் பயப்பட வேண்டாம். ஆனால் வண்டி அசல்தான் என்று காட்ட வேண்டிய நேரத்தில், பிரிக்கும்போது எடுத்த போட்டோக்களும் குறிப்புகளும் கைகொடுக்கும்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். விஏ நம்பர் வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் அனுமதி. ஆபீஸுக்கு ஓட்டிப் போகும் ஆசை இருந்தால் வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே வழி.

தூக்கிப் போடும் முன்

கவ்லியில் செய்த காரின் விவரம் தெரிந்துகொள்ள இங்கிலாந்தில் புத்தகங்களும் கிளப்புகளும் உண்டு. உத்தரபாராவும் குர்லாவும் வண்டலூரும் எந்த ஆண்டில் எந்த போல்ட்டைப் போட்டன என்பதற்கு அப்படி ஒரு கையேட்டைக் கடையில் போய் வாங்க முடியாது. மிச்சமிருக்கும் வண்டிகளும் அவற்றைப் பிரித்துப் பூட்டிய வயதான மெக்கானிக்குகளும்தான் அந்தக் கையேடு. வண்டி காயலான் கடைக்குப் போனால் அந்த போல்ட்டுகள் கிலோ கணக்கில் உருக்காலைக்குப் போய்விடும்.

எனவே பழைய போல்ட்டு உபயோகப்படாது என்று முடிவு செய்தாலும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். வண்டியின் வருஷம், எங்கிருந்து எடுத்தது, தலையில் என்ன குறி, மரை எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதிக் கவரில் போட்டு வையுங்கள். வண்டியை ஓட்டிய பெரியவர்களும் ரிப்பேர் பார்த்த மெக்கானிக்கும் இருக்கும்போதே எதை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு, அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.